பொறு நானாவின் சிவப்புக் கோடு

மன்னாருக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் ஓடிய வாகனங்களில் பாதி பொறு நானாவின் கையால் ஓடின. மீதிப் பாதி, அவரிடம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் ஓடின.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். சிலாவத்துறை றோட்டோரம் நாலு தகரத்துக்குக் கீழே அவருடைய கராஜ். யார் என்ன அவசரத்தில் வந்தாலும் ஒரு விரலைத் தூக்கி, "பொறுங்க" என்பார். இறுகிப்போன நட்டுக்கும் அதே சொல்தான். அதனால் முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் 'நானா'வோடு 'பொறு'வும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை கலியாண மாப்பிள்ளை ஒருவரின் கார் வழியில் நின்றுவிட்டது. கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை வேர்த்து வடிய, நானா எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே சொன்னாராம்: "பொறுங்க தம்பி. கலியாணம் முடிச்சாப் பிறகும் இதைத்தான் செய்யப்போறீங்க. இப்பவே பழகிக்கொள்ளுங்க."

அவர் பேசாமல் இருக்கும் நேரம் ஒன்றே ஒன்று. எஞ்சினின் 'டைமிங்' மூடியைக் கழற்றினால் வாயை மூடிவிடுவார். கீழே பிஸ்டன் ஏறி இறங்குவதும், மேலே வால்வு திறந்து மூடுவதும் ஒரே தாளத்தில் நடக்கவேண்டும். இரண்டையும் பல்லு வைத்த ஒரு பெல்ட் இணைக்கிறது. அதில் ஒரு பல்லுப் பிசகினாலும் எஞ்சின் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். ஆகவே பெல்ட்டைக் கழற்றுமுன் மேல் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேரே எஞ்சினின் உடம்பில் ஒரு கோடு என்று சிவப்புக் கியூட்டெக்ஸால் கீறிவைப்பார். ஆம், பெண்கள் நகத்துக்குப் பூசுகிற அதே கியூட்டெக்ஸ்தான். அதை வாங்க பான்சிக் கடைக்கும் அவரேதான் போவார்.

"யாருக்கு நானா?" என்று கடைப்பிள்ளை சிரிப்பாள்.

"நாலு சிலிண்டர்க்காரிக்கு" என்பார். பெருவிரல் நகத்தில் பூசி, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அதனால் அவருடைய வலது பெருவிரல் நகம் எப்போதும் மணப்பெண்ணுடையது மாதிரி இருக்கும்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

நான் அப்போது சிலாவத்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து சக ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு என் பழைய ஜப்பான் வான் வண்டியில் போய்வருவேன். சுவிஸிலிருந்து மனைவியின் அண்ணன் லீவில் வந்திருந்தார். சனிக்கிழமை எல்லோருமாக மடு மாதா கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. புதன்கிழமை வான் கொதித்து, வெள்ளைப் புகை கக்கி நின்றது. ஹெட் கஸ்கட் போய்விட்டது என்றார் நானா. எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி, அதற்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற தகட்டை மாற்றவேண்டும்.

"இந்த எஞ்சினில கம்பனி போட்ட அடையாளத்தை நம்ப ஏலாது மாஸ்டர். ஆரோ வேற எஞ்சின்ட சக்கரத்தைக் கொண்டுவந்து பூட்டியிருக்கான். என்ட கோடுதான் கணக்கு" என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். புதுக் கஸ்கட் வைத்துத் தலையைப் பூட்டியாகிவிட்டது. பெல்ட் போடுவதுதான் பாக்கி. அந்த நேரம் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நானா கையைக் கழுவினார்.

"தொழுதுபோட்டு வாறன். மாஸ்டர், கை மட்டும் வெச்சிராதீங்க."

மச்சான் வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்தபடி சுற்றிப் பார்த்தார். "இந்த ஊத்தைக்குள்ள என்னெண்டு வேலை செய்யினம்? அங்க எங்கட கராஜ் ஆஸ்பத்திரி மாதிரி" என்று மூக்கைச் சுளித்துவிட்டு, தேநீர் குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானா மீதோ, ஊத்தை மீதோ, என் பழைய வான் மீதோ, எதன் மீது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மச்சான் வருவதற்குள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தையாவது மினுக்கி வைப்போம் என்று துணியில் வர்ணம் கரைக்கிற தின்னரை ஊற்றித் துடைக்கத் தொடங்கினேன். மேல் சக்கரத்தை அழுத்தித் தேய்த்தபோது அது டக்கென்று ஒரு தரம் அசைந்தது. துணியைப் பார்த்தேன். சிவப்பு.

சக்கரத்தில் கோடு இல்லை!

அப்போதே பள்ளிவாசல் வாசலில் போய் நின்று நடந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன செய்தேன்? மேசையில் இருந்த கியூட்டெக்ஸ் போத்தலைத் திறந்தேன். எஞ்சினின் உடம்பில் இருந்த கோட்டுக்கு நேரே இப்போது எந்தப் பல்லு நிற்கிறதோ, அதில் அழகாக ஒரு கோடு கீறினேன். ஊதிக் காயவும் வைத்தேன். படிப்பிக்கிறவன் அல்லவா, கோடு மட்டும் நேராக விழுந்தது.

நானா வந்தார். கோட்டுக்குக் கோடு பார்த்துப் பெல்ட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றினார். நடுவில் ஒருமுறை நெற்றியைச் சுருக்கினார். கோட்டைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

திறப்பைத் திருப்பியதும் வான் நடுங்கிய நடுக்கத்தில் தகரக் கூரையும் சேர்ந்து ஆடியது. றோட்டே தெரியாத அளவுக்குப் புகை. புகைக்குள் இருந்து மச்சானின் சத்தம் வந்தது.

"ஒரு பெல்ட்டைப் பாத்துப் போடத் தெரியாதே உங்களுக்கு? வயசு போனா வீட்டில இருக்கிறதுதானே! கண் தெரியாத ஆளிட்டயே வாகனத்தைக் குடுக்கிறது?"

எதிர்க்கடையில் இருந்த அத்தனை பேரும் எழும்பி நின்று பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். நானா மூடியைக் கழற்றிக் கோட்டைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என்ட கண்ணுதான் மாஸ்டர். குறை நினைக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக, "பரவாயில்லை நானா" என்றேன்.

அடுத்த இரண்டு நாளும் பிஸ்டன் எங்கே நிற்கிறது, வால்வு எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரிசெய்தார். எங்கள் மடுப் பயணம் நின்றுபோயிற்று. மச்சானும் சுவிஸுக்குப் போனார். போகுமுன் 'குருட்டு மெக்கானிக்' கதையைத் தேநீர்க் கடையில் விட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்குள் கராஜில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'டயர் ஒட்டப்படும்.' அதற்குக் கீழே, போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடியோடு நானா குந்தியிருந்தார். எஞ்சின் வேலை என்று வருகிறவர்களை மன்னாருக்கு அனுப்பினார். "என்ட கண்ணை நம்பாதீங்க" என்று தானே சொன்னாராம். நான் தினமும் காலையிலும் பின்னேரமும் அந்த வழியால்தான் போனேன். அந்த இடம் வந்ததும் எனக்கு வான் கண்ணாடியைத் துடைக்கவோ, றேடியோவைத் திருப்பவோ ஏதாவது வேலை வந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து, அவருடைய கராஜுக்கு இருபது யார் தூரம் தள்ளி என் டயரில் காற்றுப் போய்விட்டது. நானா குந்தியிருந்து ஒட்டினார். முடிந்ததும் கேட்டார்.

"எஞ்சின் எப்பிடி மாஸ்டர்? எதுக்கும் மன்னார்ல ஒருத்தரிட்ட காட்டுங்க. நான் போட்ட டைமிங், எனக்கே நம்பிக்கை இல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நானா, உங்கட கண்ணில பிழையில்லை. நான்தான் தின்னர் போட்டுத் துடைச்சனான். பிறகு நான்தான் கோடு கீறினனான்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஒரு விரலைத் தூக்கினார். "பொறுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். றோட்டைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "இஞ்ச ஓடிவா புள்ள! என்ட கண்ணு நல்லாத்தான் இருக்கு! மாஸ்டர்தான் பிழை செஞ்சாராம்!"

பெருநாள் பிறை கண்டவர் மாதிரி அவருக்குச் சந்தோசம். கோபிக்கவேண்டிய வேலையை மனைவிதான் செய்தார். "மூணு மாசமா மனுசன் ஒழுங்காத் தின்னல்ல, உறங்கல்ல. நீங்கல்லாம் புள்ளையளுக்கு என்னத்தைப் படிச்சுக்குடுக்கிறீங்க?" நியாயமான கேள்வி.

நானா என் கையைப் பிடித்து எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனார். "சொல்லுங்க" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். "அண்டைக்கு ஆரோ கோட்டை அழிச்சுப்போட்டினம்..."

"ஆரோ இல்ல" என்றார் நானா, தேத்தண்ணியை ஆற்றியபடி. "மாஸ்டர்."

முழுவதையும் சொன்னேன். காது கொதித்தது. கடைக்காரர் சிரித்துச் சிரித்துச் சீனியைக் கொட்டினார். டயர் பலகை மறுநாளே இறங்கிவிட்டது.

வான் வேலைக்கு இன்றைக்கும் அவரிடம்தான் போகிறேன். எஞ்சினில் இருந்து பதினைந்து அடி தள்ளி, றோட்டைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைத்திருக்கிறார். "அதில இருங்க மாஸ்டர். இந்தப் பக்கம் திரும்பக் கூடாது" என்பார். திரும்பாமல் இருப்பேன். வேறு யாரும் அதில் இருக்கப் போனால், "அது எங்கட மாஸ்டர்ட இடம்" என்று எழுப்பிவிடுகிறாராம். அவருடைய மனைவிதான் சொன்னார்.