தூக்கம் வரும் தெரு

வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது தீர்மானித்தேன். சின்ன முடிவு இல்லை, பெரிய முடிவு.

எந்த ஊரில் வேலை என்பதை அலுவலகம் முடிவு செய்துவிட்டது. எந்த நாளில் கிளம்புவது என்பதை மனைவி முடிவு செய்துவிட்டாள். எந்தப் பொம்மை கூட வரும், எது வராது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது, புது ஊரில் எந்தப் பகுதியில் குடியிருப்பது என்பது ஒன்றுதான். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வாயில் நுரை இருந்ததால் தீர்மானத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நான் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று எழுதுவேன். வண்டி அப்படி வராது. ஆனாலும் எழுதுவேன். எழுதிவிட்டு, ஏன் வரவில்லை என்று கவலைப்படுவேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கவலை செருப்போடு வாசலில் நிற்காது. படுத்ததும் கேள்விகள் வரும். கதவைப் பூட்டினேனா? குழாயை மூடினேனா? அடுப்பை அணைத்தேனா? எழுந்து போய்ப் பார்ப்பேன். நான் எழுந்தால் கட்டில் கிறீச்சிடும். கட்டில் கிறீச்சிட்டால் சின்னவன் எழுவான். இரண்டு வயது. தூங்கவே தூங்காததால் அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்திருந்தோம். ஆந்தை எழுந்தால் மூத்தவள் எழுவாள். ஏழு வயது. அவள் பெயர் கேள்வித்தாள்.

"ஏன் எல்லாரும் முழிச்சிருக்கோம்?" என்பாள்.

பதில் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் சொல்லமாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நாலு பேரும் பகலெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு திரிந்தோம். ஒருவர் ஆரம்பித்தால் நாலாவது ஆள் முடித்துவைப்பார்.

புது ஊரில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தரகர் பதினோரு வீடு காட்டினார். ஒன்பதை மனைவி வாசலிலேயே ஒதுக்கிவிட்டாள். மிஞ்சியது இரண்டு.

ஒன்று, ஏரிக்கரைக் குடியிருப்பு. அதன் மாடியில் ஒரு சின்ன அறை. அறையில் ஒரு ஜன்னல். ஜன்னல் முழுக்கத் தண்ணீர். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்ததுமே மனசைப் பறிகொடுத்துவிட்டேன். சாயங்காலம் நான் உள்ளே. தாழ்ப்பாள் போட்டாயிற்று. வெளிச்சம் தண்ணீர்மேல் தளும்புகிறது. எங்கோ ஒரு படகு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு மனக்கோட்டை.

இரண்டாவது, ஊர் நடுவே ஒரு குறுகலான தெரு. மாடியில் வீடு. எதிரே சலவைக் கடை. பன்னிரண்டு இயந்திரங்கள் காலையிலிருந்து இரவு வரை சுற்றிக்கொண்டே இருக்கும். வீடும் அந்தச் சலவைக்கார அம்மாவுடையதுதான். தெரு முனையில் பள்ளிக்கூடம். அடுத்த திருப்பத்தில் மருத்துவர். பின்னால் ஊஞ்சல் போட்ட ஒரு திடல். குறை ஒன்றும் சொல்ல முடியாத வீடு. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"பிள்ளைங்களுக்கு நல்ல காத்து வேணும். ஏரிக்கரைதான்" என்றேன்.

"பிள்ளைங்களுக்குக் காத்தா? உங்களுக்கு ஜன்னலா?"

"ஜன்னலா? எந்த ஜன்னல்?"

"அரை மணி நேரம் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தீங்களே, அந்த அறையில இருந்த ஜன்னல்."

"துருப்பிடிச்சிருக்கான்னு பார்த்தேன்."

"பிடிச்சிருந்ததா?"

"ரொம்பப் பிடிச்சிருந்தது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அங்கேயிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். அந்த ரெண்டுக்கும் நீங்கதான் அட்டவணை போடுவீங்க."

இது இடுப்புக்குக் கீழே அடி. ஆனாலும் நான் அசையவில்லை.

"சலவைக் கடைச் சத்தத்துல யாராவது தூங்க முடியுமா? ஏற்கெனவே இவன் தூங்குறதில்லை. இயந்திரம் பக்கத்துல வெச்சா என்ன ஆகும்? வளர்ற பிள்ளை, தூக்கம் முக்கியமில்லையா?"

மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணியில் கறை போகுமா போகாதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி. அப்படின்னா அதையே பரீட்சையா வெச்சுக்கலாம். நாளைக்கு ஏரிக்கரை. நாளன்னைக்கு சலவைக் கடைத் தெரு. ரெண்டு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும் தள்ளுவண்டியில இவனை வெச்சுத் தள்ளுங்க. எங்கே தூங்குறானோ அங்கே வீடு."

"நான்தான் தள்ளணுமா?"

"முடிவு உங்களோடதாச்சே."

அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததில்லை. பதினோரு வருஷ அனுபவம் எனக்கு. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் முடிவு உங்களோடது என்று கேட்டதில் காது குளிர்ந்து, மூளையும் சேர்ந்து குளிர்ந்து உறைந்துவிட்டது.

என் திட்டம் எளிமையானது. ஏரிக்கரை நாளில் ஆந்தையைக் களைப்பாக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலையில் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று அவனைத் தூக்கிக்கொண்டு நழுவினேன். விடுதியில் மூன்று மாடி. மாடிக்கு இருபத்திரண்டு படி. அவனுக்குப் படி என்றால் உயிர். நானே ஏறுவேன் என்று கையை உதறுவான். ஏறவிட்டேன். இறங்கவிட்டேன். ஒன்பது தடவை. ஆறாவது தடவையிலிருந்து அவன் முன்னால் ஏறினான், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் தவழ்ந்தேன். எட்டாவதில் எனக்கு முழங்கால் பேச ஆரம்பித்தது.

அறைக்குத் திரும்பியதும் கேள்வித்தாள் கேட்டாள். "அப்பா, ரொட்டி எங்கே?"

"தீர்ந்துபோச்சாம்."

"காலையிலேயேவா?"

ஆந்தைக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கோப்பைப் பாலும் கொடுத்தேன். மனைவி மூத்தவள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தாள். "யார் எப்போ தூங்குறாங்கன்னு குறிச்சுக்கோ. நாளைக்கு ஒருத்தர் மாத்திப் பேசக்கூடாது."

ஏரிக்கரை அன்று கனவு மாதிரி இருந்தது. தண்ணீர் மூச்சு விடுவது தெரிந்தது. மரங்கள் தலைகீழாக நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு இருபதுக்கு ஆந்தை கண்ணை மூடினான். வாய் கொஞ்சம் திறந்தது. தூங்கிவிட்டான்! என் மனக்கோட்டையில் கொடி ஏறியது.

மனைவியும் மகளும் ஒரு மரத்தடி பெஞ்சில் இருந்தார்கள். "உட்காருங்களேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். கரையோரத்துக் கம்பிவேலி கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போல் இருந்தது. போய் அளந்தேன். ஒரு சாண்தான். திரும்பி வந்து ஆந்தையின் தலையை அளந்தேன். சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி போய், எல்லாக் கம்பிகளும் அப்படித்தானா என்று பார்த்தேன். நூற்று நாற்பதாவது கம்பி லேசாக ஆடியது. பிறகு படித்துறை. படித்துறைக்குக் கதவு இல்லை. பிறகு கொசு. பிறகு ஈரக் காற்று. அவன் காதை மூடிவிட்டேன். மூச்சு முட்டுமோ என்று திறந்துவிட்டேன். மூன்றரைக்கு அவன் எழுந்து சிரித்தான். அவன் தூங்கியதிலிருந்து நான் ஏரிப் பக்கம் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஜெயிச்சுட்டேன்" என்றேன்.

"பாதி" என்றாள் மனைவி. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை நீட்டினாள்.

மறுநாள் சலவைக் கடைத் தெரு. இன்றைக்கு ஆந்தை தூங்கக் கூடாது. சட்டைப் பையில் ஆயுதங்கள். ஒரு விசில், மூன்று பலூன், ஒரு சாவிக்கொத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பதாக ஏற்பாடு.

எதுவும் தேவைப்படவில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தியதுமே ஆந்தை உறைந்துவிட்டான். வரிசையாகப் பன்னிரண்டு வட்டக் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் துணிகள் சுற்றுகின்றன. ஒரு சிவப்புச் சட்டை மேலே வரும், எட்டிப் பார்க்கும், விழும். பின்னாலேயே ஒரு நீலப் போர்வை. ஆந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். இமை கொட்டவில்லை. ஊரே கூடித் தாலாட்டுப் பாடினாலும் இனி அவன் தூங்கமாட்டான்.

"உக்காருங்க தம்பி" என்றார் சலவைக்கார அம்மா. வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்ச். "சத்தம் அதிகமோ?"

"ரொம்ப அதிகம்" என்றேன் மனைவி காதில் விழும்படி. "பேசுறதே கேக்கல."

உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இளஞ்சூடாக இருந்தது. உள்ளே இயந்திரம் ஓடுவது சுவர் வழியாக முதுகுக்கு வந்தது. ரும் ரும் ரும். சோப்பு வாசனையும் ஆவியும் கலந்து வெதுவெதுப்பாக ஒன்று கழுத்தைச் சுற்றிக்கொண்டது. தெருவில் சைக்கிள் போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதையோ கூட்டமாக ஒப்பித்தார்கள். மாடி ஜன்னலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற, ஒவ்வொரு சொட்டாகக் கீழே வந்தது. குழாயை மூடினேனா என்று நினைத்தேன். யாராவது மூடியிருப்பார்கள் என்று தோன்றியது. இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததே கிடையாது.

பிறகு பேருந்துகள் வந்தன. ஏரிமேல் மிதந்து, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். என் அட்டவணைகளை எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். ஓர் எண்ணும் இல்லை. வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடின. நிறுத்தத்தில் யாரோ கேட்டார்கள். "எட்டு பத்து வண்டி எப்போ வரும்?"

"வரும்போது வரும்" என்றேன்.

"இந்த இடம் போதுமா உங்களுக்கு?"

"சரி" என்றேன். அந்தக் குரல் தெரிந்த குரலாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது வெயில் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. என்மேல் யாருடைய போர்வையோ, சூடாக. பக்கத்தில் மனைவி. அவள் மடியில் ஒரு சாவி.

"மணி என்ன?"

"அஞ்சு."

"அஞ்சா!" துள்ளி எழப் பார்த்தேன். உடம்பு வரவில்லை. "ஆந்தை? தூங்கினானா?"

"ஒரு நிமிஷம்கூட இல்லை."

"அப்போ நான் ஜெயிச்சாச்சு! ஏரிக்கரையில தூங்கினான், இங்கே தூங்கல. நோட்டைப் பாரு!"

கேள்வித்தாள் நோட்டை நீட்டினாள். ஏரிக்கரைப் பக்கத்தில் தம்பி பெயருக்கு எதிரே மூடிய கண் ஒன்று வரைந்திருந்தாள். எனக்கு எதிரே இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். இன்றைய பக்கத்தில் தம்பிக்கு உருண்டைக் கண். எனக்கு மூடிய கண்கள். கீழே என் வாயையும் வரைந்திருந்தாள். குகை மாதிரி.

"என்னை எதுக்கு வரைஞ்சே?"

"அம்மாதான் சொன்னாங்க. தம்பியைவிட உங்களை நல்லா பாக்கணும்னாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"குழந்தைங்க எங்கே போனாலும் நாலு நாள்ல தூங்கிடும்" என்றாள் அவள். "படியில ஒன்பது தடவை ஏத்தினா அன்னைக்கே தூங்கிடும்."

"தெரியுமா?"

"விடுதியில எல்லாருக்கும் தெரியும். அவனை எழுப்புறது யாருங்க? நீங்க. ராத்திரி நாலு தடவை. ஏரிக்கரைக்குப் போனா, கம்பியை எண்ண எட்டு தடவை எழுந்திருப்பீங்க. உங்களுக்குத் தூக்கம் வர்ற தெரு ஒண்ணு கிடைச்சா நாங்க மூணு பேரும் பொழைச்சுக்குவோம். ரெண்டு வருஷம் ஆச்சுங்க நான் முழுசாத் தூங்கி."

கடைசி வாக்கியத்தைக் கேலியாகச் சொல்லவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை வெயில் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அளந்ததில்லை.

இருந்தாலும் ஆண்மகனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

"அதெல்லாம் சரி. என்னைக் கேக்காம எப்படிச் சாவி வாங்கலாம்?"

"கேட்டேனே. இந்த இடம் போதுமான்னு கேட்டேன். சரின்னீங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க ஒரே தடவையில சரின்னது இதுதான்."

சலவைக்கார அம்மாவும் வாசலுக்கு வந்து சாட்சி சொன்னார். "ஆமா தம்பி, தெளிவாத்தான் சொன்னீங்க. குறட்டை மட்டும் கொஞ்சம் குறுக்கே வந்துது."

மனக்கோட்டை கட்டியவன் கோட்டை விட்டது இப்படித்தான். ஆனால் நான் அப்படியே அடங்கிவிடவில்லை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூக்கத்தில் சொன்ன சம்மதம் செல்லாது, முடிவு என்னுடையது, ஏரிக்கரைதான் என்று மூன்று அம்சமாகக் கண்டனம் தெரிவிப்பது என்று முடிவு செய்தேன். வார்த்தைகளைச் சரியாகக் கோர்த்துக்கொள்வதற்காகச் சுவரில் சாய்ந்து, ஒரே ஒரு நிமிஷம், கண்ணை மூடினேன்.

திறந்தபோது, எதிர்மாடி ஜன்னலில் எங்கள் வீட்டுத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.