ஒப்பந்தத்துக்கு உடைந்த அடுப்பு

"ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது நானா?" என்று ரொட்டிக்கடைக்காரர் கடிதத்தை மாவு மேசையில் வீசினார்.

பன்னாட்டுப் பருவநிலை ஒப்பந்தம் தொடர்பாக, வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து அடுப்பைப் பார்ப்பார் என்று அதில் இருந்தது.

"பார்க்கத்தானே வர்றாங்க?" என்றாள் மனைவி.

"செங்கல் சூளையையும் பார்க்கத்தான் வந்தாங்க. இப்ப அங்க பூட்டு தொங்குது."

அவர் வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது. பெரிய மனிதர்கள் விமானம் ஏறிப் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவார்கள்; செலவு மட்டும் இவர் கடையை விசாரித்துக்கொண்டு வரும். இத்தனைக்கும் அவர் எரித்தது பக்கத்துத் தச்சுப் பட்டறை வேண்டாமென்று ஒதுக்கிய மரத்துண்டுகளை. புகைகூட வீணாகக் கூடாது என்று அடுப்புக்குள்ளேயே இன்னொரு அறை கட்டி அதையும் எரிய வைத்த மகா கஞ்சர் அவர்.

அதிகாரி வருவதற்குள் மின்சார அடுப்புக்கு மாறிவிட்டால் கடையாவது மிஞ்சும் என்றான் மைத்துனன். ரொட்டி கொண்டுபோகும் வேனை விற்று ஒன்று வாங்கினார்கள். அது உள்ளே நுழைய இடமில்லை. பழைய அடுப்பைக் கடப்பாரையால் அவரே உடைத்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒப்பந்தக்காரர்களைத் திட்டினார்.

புது அடுப்பைப் போட்டதும் தெரு முழுக்க மின்சாரம் போனது. தையல்காரரும் முடிதிருத்துபவரும் சண்டைக்கு வந்தார்கள். உடனே டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது. அதன் கரும்புகை மாடிவீட்டு அம்மாள் காயப்போட்ட வெள்ளை விரிப்புகளில் போய்ப் படிந்தது. ரொட்டியோ அடியில் கரி, மேலே பச்சை மாவு.

வெள்ளிக்கிழமை அதிகாரி படியேறும்போதே ரொட்டிக்கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். வேன் போனது, வாடிக்கை போனது, தெருவில் பேச்சுவார்த்தையும் போனது என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, அந்த அடுப்பு எங்க?" என்றார்.

கடைக்காரர் மூலையில் கிடந்த செங்கல் குவியலைக் காட்டினார். "உடைச்சாச்சு. இப்ப திருப்திதானே?"

அதிகாரி மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அதிகாரியின் கார் ஓட்டுநர் ஒரு பெரிய பலகையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

"சார், 'புகை குறைந்த அடுப்பு, நாட்டுக்கே முன்மாதிரி'ன்னு எழுதின இந்தப் பலகையை எந்தச் சுவத்துல மாட்டணும்?"