ராஜஸ்ரீ அம்மாளின் அப்பளமும் என் தொட்டி மணலும்

கசார்வாடி, பூனா
ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள மச்சான் ஆண்டனிக்கு அமல்ராஜ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அக்கா ஜோசபினும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் உன் கயிற்று ஆலையும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

விஷயம் என்னவென்றால், நீ ஆசையாக அனுப்பிய தென்னை நார்க்கழிவைப் பற்றி இனி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கட்டட வேலையில் மிஞ்சிய மணல் ஓசியில் கிடைத்ததே என்று பால்கனித் தொட்டி முழுக்க அதையே நிரப்பிக் கறிவேப்பிலை வைத்தது என் புத்தி. மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியுமா? ஊற்றிய நாற்பதாவது நொடியில் அது கீழ்வீட்டு ராஜஸ்ரீ அம்மாள் உலர்த்திய அப்பளத்தில் இறங்கிவிட்டது. குடியிருப்புச் செயலாளரும் அவர்தான். "காகா, பாணீ!" (மாமா, தண்ணீர்!) என்று கத்திக்கொண்டே மேலே வந்தவர், அடுத்த ஞாயிறு சோதிப்பேன், ஒரு சொட்டு விழுந்தாலும் தொட்டியைத் தூக்கிவிட வேண்டும் என்று இந்தியில் கெடு வைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தோட்டா வெளியே போனதில்லை, தண்ணீர் போய்விடுமா?

மருந்து என்றால் ஈரம் ஆகாது என்பது தொழிற்சாலைப் பாடம். அந்தப் பழக்கத்தில் உன் நார்க்கழிவை இரண்டு நாள் வெயிலில் சருகாகக் காயவைத்து, தொட்டி மணல் மேல் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். காய்ந்த கழிவு ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன் என்றது. தண்ணீர் மேலேயே உருண்டு விளிம்பு வழிந்து, இந்த முறை அப்பளத்தோடு அந்த அம்மாளின் தலையிலும் விழுந்தது.

"ஏங்க, செடிக்கு ஊத்துறீங்களா, அவங்களுக்கு ஊத்துறீங்களா?" என்றாள் உன் அக்கா.

நான் விடுவேனா? எருமைத் தொழுவத்தில் மக்கிய சாணம் வாங்கி வந்து, நார்க்கழிவை வாரி எறிந்து, மணலை முழுதும் வெளியே கொட்டி, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு எரு என்று ஈரமாகவே பிசைந்து நிரப்பினேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குவளைத் தண்ணீர், கையில் கடிகாரம். செவ்வாய் நாலு நிமிடத்தில் சொட்டியது. வியாழன் பதினோரு நிமிடம். வெள்ளி சொட்டவே இல்லை! இன்று ராஜஸ்ரீ அம்மாள் கால் மணி நேரம் கீழே உள்ளங்கையை ஏந்தி நின்றுவிட்டு, என் சோதனைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். ஓய்வு பெற்ற பின் என் கையால் வளர்ந்தது அந்தக் கறிவேப்பிலை ஒன்றுதான், மச்சான். தூக்கச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

ஆகவே, ஜெயித்தது மக்கிய எரு. இனி நார்க்கழிவு அனுப்பாதே. ஆரோக்கிய மாதா உன் பிள்ளைகளையும், வற்றாமல் உன் கிணற்றையும் காப்பாளாக.

உன் மச்சான்,
அமல்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "அரிசி கழுவுன தண்ணிய எழுதலையே?" என்றாள். தினமும் ஆறரைக்கே, நான் கடிகாரம் எடுக்கும் முன்பே, அதே தொட்டியில் அரை வாளி ஊற்றி வந்தாளாம். செவ்வாயன்று சொட்டியதும் வாடிய என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் புதன்கிழமையிலிருந்துதான் நிறுத்தினாளாம். அப்படியானால் ஜெயித்தது எரு இல்லை, அவள் நிறுத்தியதுதான். இப்போதே அரை வாளி ஊற்றிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் கீழிருந்து "காகா!" என்று சத்தம். தொட்டியைத் தூக்க மாட்டேன். நார்க்கழிவு இரண்டு மூட்டை அனுப்பு. நனைத்தே அனுப்பு.