மேனேஜரின் மூத்திரமும் என் மூக்கும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதுவது. இங்கு எனக்கு மூக்கைத் தவிர மற்ற உறுப்புகள் அனைத்தும் நலம். தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தையும், நாய் வளர்க்க அனுமதி இல்லாத அந்தப் புது அடுக்குமாடி வீட்டில் நறுமணத்தோடு வாழ்ந்து வருவீர்கள் என்று நம்புகிறேன்.

வீடு மாறிய அன்று, “ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கங்க அத்தான்” என்று சொல்லி மேனேஜரை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். மழைக்காலம் முடிந்து வெயில் காலமும் வந்துவிட்டது. எதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் போய்ப் படுத்துக்கொள்வதால் அந்த நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததாகத் தங்கள் குழந்தை சொன்னது. குடிநீர் அலுவலகத்தின் குளோரின் பிரிவில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட மேனேஜர்கள் பலரைப் பார்த்தவன் என்பதால் பெயர்ப் பொருத்தத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் வீட்டுப் பின்வராந்தாவில் வந்து ஒன்றுக்குப் போனதில்லை. அதுவும் இப்படி ஒரு வாடையோடு! தாங்கள் என்ற மரியாதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், கோபத்தில் அது எழுத வரவில்லை. மச்சான், அது சாதாரண நாய் மூத்திர வாடை இல்லை. கண்ணில் நீர் வருகிறது. சிலிண்டர்காரர் உள்ளே வருவதில்லை, கேட்டோடு இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறார். பினாயில் ஊற்றிக் கழுவினால் பினாயில்தான் தோற்றுப்போகிறது.

காரணம் என்ன என்று கேட்டால் இந்த வீட்டில் எல்லோருமே டாக்டர்கள்தான். உன் அக்காள், “இவ்வளவு நாளும் மீனும் கறியுமா தின்ன வாயி, அதான் வாடை” என்று சாப்பாட்டை மாற்றினாள். சாப்பாடு மாறியது, வாடை மாறவில்லை. என் மகள் சாப்பிட உட்கார்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு, மூத்திரப் பாதையில் கிருமி, பையில் கல், சுகர், கிட்னி, சத்து மாத்திரை என்று நான் சோற்றைப் பிசையும்போதே வாசிக்கிறாள். “தித்திப்பா வாடை வந்தா சுகரா இருக்கலாமாம்ப்பா. நீங்கதான் பெரிய மூக்காச்சே, கொஞ்சம் மோந்து பாருங்களேன்” என்றாள். அலுவலகத்தில் என் மூக்குக்குத் தனி மரியாதை இருந்தது என்று பெருமையடித்து வைத்திருக்கிறேன், என்ன செய்வது? வராந்தாவில் மண்டியிட்டு மோந்தும் பார்த்தேன். தித்திப்பு எதுவும் தெரியவில்லை. எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “ஆம்பள நாய்ங்க, ஆபரேஷன் பண்ணிவிட்டா வாடை கொறையும்” என்றார். கையில் கத்தரிக்கோலோடு சொன்னார். நானும் மேனேஜரும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்வாங்கினோம்.

கடைசியில் நாய் டாக்டரிடம் போனால், “சாம்பிள் புடிச்சிட்டு வாங்க” என்கிறார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஒரு கம்பின் நுனியில் கரண்டியைக் கட்டிக்கொண்டு மேனேஜர் பின்னாலேயே அலைந்தேன். இவன் காலைத் தூக்குவான், என்னைத் திரும்பிப் பார்ப்பான், கரண்டியைப் பார்ப்பான், காலை இறக்கிவிடுவான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருவழியாக ஒரு கரண்டி கிடைத்து வெற்றியோடு வீடு வந்தால், உன் அக்காள் கேட்ட முதல் கேள்வி, “அது எந்தக் கரண்டி?” அன்று முழுக்க எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை.

டாக்டர் சோதித்துவிட்டு, கிருமி இல்லை, கல் இல்லை, சுகரும் இல்லை என்றார். “தண்ணி பத்தல ஐயா. மூத்திரம் சுண்டிப் போயிருக்கு, அதான் இந்த நெறம், இந்த வாடை. இப்படியே விட்டா கிட்னி கெட்டுரும். வீட்ல ஒழுங்கா தண்ணி வெக்கிறீங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்து! ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுத்தவனைப் பார்த்து! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவன் சட்டி என்றைக்காவது காலியாக இருந்ததுண்டா? காலையில் ஊற்றியது மாலை வரை தளும்பத் தளும்ப அப்படியே நிற்கிறது. அதுவும் எப்படிப்பட்ட தண்ணீர்! எனக்குப் பின்னால் வந்தவர்கள் அலுவலகத்தில் குளோரின் கலக்கும் லட்சணம் தெரியும் என்பதால், மொட்டைமாடித் தொட்டியில் என் கையாலேயே மறுபடியும் குளோரின் மாத்திரை போடுகிறேன். நாய் வாய் அசுத்தம், ஆகையால் இவன் சட்டியில் தனியாக இன்னொரு மாத்திரை. கண்ட தண்ணீரில் வாய் வைத்துவிடக் கூடாது என்று வெளியே கூட்டிப் போகும்போதுகூடக் குழாயடிப் பக்கம் திரும்பினால் கயிற்றைச் சுண்டி இழுத்துவிடுவேன். என் தண்ணீரில் என்ன குறை? ஒரு பொட்டு வாடை என் மூக்குக்குத் தெரிந்ததில்லை. துண்டெல்லாம் வெளுத்துப் போகிறது என்றால் அது சோப்பின் கோளாறு. ரோஜாச் செடி கருகியது என்றால் அது மேனேஜரின் கைங்கரியம். இந்த வீட்டில் யாருக்காவது ஒரு வயிற்றுவலி உண்டா? நாங்கள் யாரும் தாகம் என்று அலைகிறவர்கள் இல்லை. மகள் ஆபீஸ் தண்ணீரையே பாட்டிலில் கொண்டுவந்துவிடுகிறாள். வருகிற விருந்தாளிகளுக்கும் இங்கே தாகமே எடுப்பதில்லை. உன்னையே எடுத்துக்கொள், வந்ததும் தம்ளரை நீட்டினால் “இப்பத்தான் குடிச்சேன் அத்தான்” என்பாய். சுத்தமான வீட்டின் ராசி அது. உன் நாய்க்குத்தான் வளர்ப்புச் சரியில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறாய், நல்ல தண்ணீரின் அருமை தெரியாமல் வளர்ந்திருக்கிறான்.

ஆகவே கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இவனை அழைத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் திங்களன்று சிமென்ட் கிடங்குக்காரரிடம் ஒப்படைத்துவிடுவேன். காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கே ஒருமுறை கட்டினால் சங்கிலியை அவிழ்க்கும் பழக்கம் இல்லையாம், இருக்கட்டும். உன் அக்காள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மட்டும் மனசு இல்லையா? இருக்கிறது, ஆனால் மூக்கும் இருக்கிறதே.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு என் ஆசி. நாய் விஷயத்தைக் குழந்தையிடம் பக்குவமாக நீயே சொல்லிவிடு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அலுத்துப்போன அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இன்று காலை இவனை வெளியே கூட்டிப் போனேன். கேட்டைத் தாண்டியதும் கயிற்றோடு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராகத் தையல்காரம்மா வீட்டுக் கொல்லைக்கு ஓடினான். அங்கே குழாயடியில் நிரம்பிக்கொண்டிருந்த வாளிக்குள் முகத்தை விட்டவன், பாதி வாளி காலியாகும் வரை நிமிரவில்லை. நாய் இப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. அந்த வாளியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், அது நம் வீட்டு வாளி. பக்கத்தில் குடத்தோடு உன் அக்காள். அவளுக்குப் பின்னால், ‘ஆபீஸ் தண்ணீர்’ பாட்டிலோடு என் மகள். என்னைக் கண்டதும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

தையல்காரம்மாதான் பாவம், நிலைமை புரியாமல், “நீங்க ரிட்டையர் ஆன நாள்லேர்ந்து அக்கா இங்கதாங்க புடிக்கிறாங்க” என்றார். “ஏன் சொல்லல?” என்று உன் அக்காளைக் கேட்டேன். “சொன்னா கேப்பீங்களா? வேலையும் போயி, இதுவும் இல்லன்னா நீங்க என்னதான் செய்வீங்கன்னு விட்டுட்டேன்” என்றாள். “அப்போ எனக்கு எந்தத் தண்ணி குடுக்கிற?” என்றேன். “உங்களுக்கு நம்ம தொட்டித் தண்ணிதான். நீங்கதான் ஆசையா குடிக்கிறீங்களே” என்றாள்.

ஆக, இந்த வீட்டில் என் தண்ணீருக்குச் சிக்கியவர்கள் நானும் மேனேஜரும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் என் மனசு நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள். இவன் ஒருவன்தான் தனக்குத் தெரிந்த வழியில் உண்மையைச் சொன்னான், அதற்கு நான் சங்கிலி பார்த்து வைத்தேன். காலமெல்லாம் குளோரினில் ஊறிய மூக்குக்கு அந்த வாடை எங்கே தெரியும்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது மச்சான், என் மூக்கு நன்றாகவே உடைந்துவிட்டது.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மேனேஜர் எங்கும் போகவில்லை, கிடங்குக்காரர் வேறு நாய் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும். வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பயப்படாதே, தையல்காரம்மா வீட்டுத் தண்ணீர்தான்.