பிரெஞ்சுப் படையில் சேர்ந்த மான்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் பதினெட்டு வயதில் எனக்கு இருக்கவில்லை. இருந்திருந்தால் அம்மாவின் மகள் இன்று டொக்டர். (அம்மா அப்படித்தான் இன்னமும் நம்புகிறார்.)

இரண்டாயிரங்களின் நடுவில் நோர்வேயில், வெஸ்ட்லியில் இருந்தோம். மருத்துவத்துக்குப் புள்ளி போதாத நிலையில், எனக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சை; அதில் முழுப்புள்ளியான ஆறு கிடைத்தால் குறை நிரம்பும். தலைப்பு: பிரெஞ்சுத் தரைப்படையின் ஹெலிகொப்டர் வரலாறு. ஆயத்தம் செய்ய இரண்டு நாள். என் பிரெஞ்சு, கடையில் பாண் வாங்கவே காணாது. இணையத்தில் ஒரு கட்டுரையை எடுத்து, மொழிபெயர்ப்புப் பக்கத்தில் போட்டு நோர்வேஜிய மொழியில் வாசித்தேன்.

இந்தோசீனாவில் காயப்பட்டவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றியது வரை விளங்கியது. பிறகு அல்ஜீரிய மலைகளுக்கு வானம்பாடி போனது. அதன்பின் மானில் ஏவுகணை பூட்டினார்கள். பூமா படையினரைச் சுமந்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஹெலிகொப்டர் போகாத இடத்துக்கு மிருகங்களை அனுப்பியிருப்பார்கள் என்று நானாகவே ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நரைத்த தலை, மெல்லிய குரல் கொண்ட பெண். நான் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு, மானில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார்.

"ஒருவரும் ஏற முடியாது. அது ஓடிவிடும்," என்றேன்.

எங்கள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மானைப் பூமா தின்னாதா என்று பரீட்சகர் கேட்டார். வேறு வேறு முகாம்களில் வைத்திருப்பார்கள் என்றேன்.

அவர் தாளில் ஒரு ஹெலிகொப்டரைக் கீறி, கீழே 'கஸெல்' என்று எழுதி என் பக்கம் திருப்பினார். பிரெஞ்சில் அது மான். படையில் அது ஹெலிகொப்டரின் பெயர். வானம்பாடியும் பூமாவும் அப்படியே.

ஆறுக்கு இரண்டு. மருத்துவம் அந்த அறையிலேயே முடிந்தது. மெட்ரோவில் இறங்காமல் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்றால், வெஸ்ட்லிதான் கடைசித் தரிப்பு.

அம்மா அழுதார். அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஹெலி வந்து சுட்டபோது பங்கருக்குள் கிடந்தவர் அவர்.

"நாங்கள் ஹெலிக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீ அதை மான் எண்டு சொல்லிப்போட்டாய்," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கோ செத்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் படித்தேன். ஆஸ்பத்திரி ஹெலி எங்கள் கூரைக்கு மேலே போகும்போதெல்லாம் அப்பா என் பிள்ளைகளை ஜன்னலடிக்குக் கூப்பிடுகிறார்.

"ஓடி வாங்கோ, உங்கட அம்மாவின்ரை மான் போகுது."