அரை அங்குலத்துக்கான விண்ணப்பம்

அநீதிக்கு ஆளானவர் என் அப்பா. அநீதியின் அளவு அரை அங்குலம்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். போன வருஷம் அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் வெற்றி என்றார் டாக்டர். அந்த வெற்றிக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர் சொல்லாமல் கொள்ளாமல் சொட்ட ஆரம்பித்தது. வண்டி ஓட்டுகிறவர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி ஓட முடியுமா?

சிறுநீரைப் பிடித்துவைக்கக் கடையில் வாங்கிய சாதனத்தின் அட்டையில் 'எல்லா ஆண்களுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. அப்பா கட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பழைய மழைக்கோட்டில் ஒரு உறை, உள்ளே மெல்லிய பருத்தி, அடியில் ஒரு குழாய், கணுக்காலுக்கு மேலே ஒரு குட்டிப் பை, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த இடுப்பில் கொக்கி வைத்த நாடா. மேலே பேன்ட் போட்டால் ஒன்றும் தெரியாது. அப்பா கூடத்தில் நாலு நடை நடந்து காட்டினார். நாங்கள் காலண்டரைப் பார்த்தபடி பாராட்டினோம்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. "ஏம்ப்பா ஒளிச்சுப் போட்டுக்கணும்? நோய் என்ன குத்தமா? முறைப்படி ஆபீஸ்ல சொல்லிட்டுப் போடுங்க. அது உங்க உரிமை" என்று மூன்று நாள் வாதாடினேன். நாலாவது நாள் அப்பா களைத்துப்போய் உரிமையை ஏற்றுக்கொண்டார்.

இதற்கென்றே போக்குவரத்து அலுவலகத்தில், பணியாளர் உடல்சார் துணைச்சாதனப் பதிவுப் பிரிவு என்று ஒன்று இயங்கிவந்தது. அதன் தலைவர் நல்ல பருமன். சாதனத்தை மேசைமேல் விரித்து, நீளம், அகலம், கொள்ளளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார். பிறகு, முறைகேட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காக, நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடைவெளி விடாமல் முத்திரை குத்தினார். மொத்தம் நாற்பத்தொன்று. இனி பணிமனை வாசலில் அப்பா சட்டையைத் தூக்க வேண்டும். பரிசோதகர் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வண்டி கிடையாது.

முதல் நாளே குறை தெரிந்தது. நிற்கும்போது சரியாக இருந்த நாடா, உட்கார்ந்து கிளட்சை மிதித்தால் அரை அங்குலம் இறங்கியது. மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் சீட் நனைந்துவிட்டது. அப்பா வண்டியை ஒப்படைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு தையல் வேலைங்க. கழட்டிக் குடுங்க" என்று அம்மா ஊசியை எடுத்தாள்.

"மடிச்சா ஒரு முத்திரை உள்ள போயிடும். நாப்பதுதான் தெரியும்" என்றார் அப்பா.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நோய் விடுப்பு முடிந்து முதல் தேதிக்குள் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்காத ஓட்டுநர், நிரந்தரமாக வாசல் காவலுக்கு மாற்றப்படுவார். பன்னிரண்டு நாள் இருந்தது. நான் பிரிவுத் தலைவரிடம் போனேன்.

"சார், அரை அங்குலம் சுருக்கணும்."

"எதைம்மா?"

"நாடாவை."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "நாடா சரியாத்தானே இருக்கு? இங்க எழுதியிருக்கிற அளவும் அதோட அளவும் ஒண்ணுதான்."

"அப்பாவுக்குச் சரியா இல்லையே!"

"நாங்க பதிவு பண்ணது நாடாவை. அப்பாவை இல்லை. ஒரு நிமிஷம்." எழுந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து உள்ளே போனார். கோப்பு பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஈரமான வெறுங்கையோடு திரும்பி வந்து, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"அப்ப அப்பா என்னதான் பண்றது?"

"கொஞ்சம் சதை போடச் சொல்லும்மா. சதைக்கு அனுமதி தேவையில்லை."

"பன்னிரண்டு நாள்லயா? அதுவும் இடுப்புல மட்டுமா? சார், இது அநியாயம். எழுத்துல குடுக்கறேன். எழுத்துலயே பதில் வேணும்."

"தாராளமா குடு. ஆனா எழுத்துல குடுத்தா ஆய்வு நடக்கும். ஆய்வு முடியற வரைக்கும் சாதனம் இங்கதான் இருக்கும். ஒருத்தருக்கு ஒரு சாதனம்தான் பதிவு. நடுவுல வேற ஒண்ணு தைச்சு மாட்டினா அது போலி... ஒரு நிமிஷம்." மறுபடியும் உள்ளே போனார்.

நான் எழுத்தில் கொடுத்தேன், மூன்று பக்கம். சாதனத்தையும் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். வீட்டில் அம்மா அப்பாவின் தட்டை இரண்டு மடங்கு நிரப்பினாள். பத்து நாளில் அப்பாவுக்குக் கன்னம் உப்பியது. இடுப்பு அசையவில்லை.

முதல் தேதி வந்தது. அப்பா பணிமனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிப்போகும் வண்டிகளின் எண்ணை நோட்டில் எழுத ஆரம்பித்தார். கழிப்பறை பத்தடியில்தான். "வசதியாத்தாம்மா இருக்கு" என்றார். அவருடைய பழைய வண்டி வெளியே போனபோது மட்டும் எண்ணை எழுத மறந்துவிட்டார்.

இருபத்தோராம் தேதி பதில் வந்தது. அப்பா நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'தங்கள் விண்ணப்பம் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி சாதனத்தைப் பிரிவுத் தலைவர் அவர்களே அலுவலக நேரம் முழுவதும் அணிந்து நேரடி ஆய்வு மேற்கொண்டார். சாதனம் எங்கும் நழுவவில்லை. அவர் இடையில் ஒருமுறைகூட இருக்கையை விட்டு எழ நேரவில்லை. எனவே நாடாவைச் சுருக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. ஆய்வு தொடர்ந்து நடைபெறுவதால் சாதனத்தைத் திருப்பித்தர இயலாது. மேலும், இப்பிரிவின் மூத்த அலுவலர்கள் நால்வர் இந்த ஆய்வில் பங்கேற்க விருப்பம் தெரிவித்துள்ளதால், தங்கள் தாயார் அதே அளவில் நான்கு சாதனங்கள் தைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அவற்றுள் ஒன்றில் மட்டும் நாடா அரை அங்குலம் குறைவாக இருத்தல் நலம்.'