ஐஸ்பெட்டியின் கால்மாட்டில்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் எமனுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஐஸ்பெட்டி என்றால் தெரியும். சாவு வீடுகளுக்குப் பிணம் வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுபவர். வழியில் பார்த்து, "உடம்பு சௌக்கியமாங்க?" என்று அவர் கேட்டுவிட்டால் போதும், அந்த ஆளுக்கு அன்று தூக்கம் போச்சு. கேட்கும்போதே தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளப்பார்.

என் அக்கா நாற்று நடும் கூலிக்காரி. சர்க்கரையைப் பணக்கார வியாதி என்பார்கள். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோற்றையே தின்ற எங்கள் தெருவுக்கு அது எப்படி வழி கண்டுபிடித்ததோ! ஆஸ்பத்திரியில் இன்சுலினை இலவசமாகக் கொடுத்து, "ஃபிரிட்ஜ்ல வைங்கம்மா" என்றார்கள். எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் ஏது? கூரை வீட்டு வெக்கையில் மருந்து கெட்டுப்போய், அக்கா நடவு வயலிலேயே மயங்கி விழுந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஐஸ்பெட்டி வந்தார். "எங்கிட்டதான் பெட்டி இருக்கே, அதுல வச்சுக்க. உறைஞ்சு போகாம நான் பாத்துக்கறேன்."

"அய்யய்யோ! அதுலயா?"

"உன்னையா படுக்கச் சொல்றேன்? மருந்தைத்தாம்மா கேக்கறேன்."

அதிலிருந்து தெருவின் சர்க்கரைக்காரர்களின் மருந்தெல்லாம் பெட்டியின் கால்மாட்டில். பெட்டி சாவு வீட்டுக்குப் போனால் மருந்தும் கூடவே போகும். ஊசி நேரத்துக்கு அக்கா முன்பின் தெரியாத சாவு வீட்டுக்குப் போய், ஒப்பாரி வைத்தபடி கால்மாட்டில் சரிவாள். அவர் மூடியை லேசாகத் தூக்குவார். ஒருமுறை பிணத்தின் கால்விரலில் அவள் கை பட்டுவிட்டது.

"அழுவுறத நிறுத்தாத தாயி," என்றார் அவர், காதோரம்.

அக்கா அலறிய அலறலில் செத்தவரின் பெண்டாட்டி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நீ அவருக்கு யாருடி?" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஊசி போட்டதும், "பொணக்குளிரு உள்ள ஓடுதுடா" என்று என்னிடம் சொல்லி நடுங்குவாள்.

போன மார்கழியில் ஐஸ்பெட்டி நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருடைய பெட்டியிலேயே அவரைக் கிடத்தினார்கள். சரியாக மூடாத கண்கள், கண்ணாடிக்கு அடியிலிருந்து அப்போதும் எங்களை அளந்துகொண்டிருந்தன. மருந்து வழக்கம்போல் அவர் கால்மாட்டில். ஊசி நேரம் தாண்டியும் மருந்தை எடுக்க யாரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. அவர் மனைவிதான் எழுந்து வந்து மூடியைத் தூக்கினார்.

"எடுத்துக்கிட்டுப் போயிப் போடுங்க. இல்லாட்டி அந்த மனுசன் என்னையத் திட்டுவாரு."

அக்கா கையை உள்ளே விட்டாள். எத்தனையோ சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவளுக்கு அன்றைக்குச் சத்தமே வரவில்லை. ஒரு கையில் மருந்து வந்துவிட்டது. இன்னொரு கை அவர் காலை விடவே இல்லை.